மூன்று நிஞ்ஜா பள்ளிகளும் ஒரு தராசும்

முடிதிருத்துபவர் சொல்லிக் கேள்வி. அவருக்கு அவருடைய சகலை சொன்னாராம். சகலைக்கு யார் சொன்னது என்று கேட்டால் கத்தரிக்கோல் காதுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடும் என்பதால் அதற்கு மேல் யாரும் விசாரிப்பதில்லை. விஷயம் இதுதான்: சலவைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற நிஞ்ஜா பள்ளியில், உச்சப் படிக்கு ஒரு பரீட்சை உண்டாம். மாணவர் கண்ணை மூடி மண்டியிட்டு உட்கார வேண்டும். ஆசிரியர் பின்னால் பூனை மாதிரி வந்து நின்று, பயிற்சி வாளை ஓங்கி உச்சந்தலையில் இறக்குவார். வருகிற அடியை முதுகுத்தண்டாலேயே உணர்ந்து கடைசி நொடியில் உருண்டு விலகினால் தேர்ச்சி. விலகாவிட்டால் வீக்கம். இதில் ஒருவர், ஆசிரியர் வாளை ஓங்குவதற்கு முன்பே விலகிவிட்டாராம்.

எவ்வளவு முன்பு? பள்ளியில் சேர்வதற்கே முன்பு.

அந்த அபூர்வ வீரரைப் பற்றித்தான் இங்கே பேச்சு. தனி மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஓர் இனம். ஒப்பிட்டுப் பார்க்கும் இனம். உங்கள் தெருவில் குறைந்தது இரண்டு பேராவது இருப்பார்கள். கடையில் பல் துலக்கும் பிரஷ் வாங்கப் போய், இந்தக் கையில் ஒன்று, அந்தக் கையில் ஒன்று, அக்குளில் ஒன்று என்று இடுக்கிக்கொண்டு, சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வழி கேட்கிறவர்களுக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, நாற்பது நிமிடம் நின்று, கடைசியில் எதையும் வாங்காமல் வீட்டுக்குப் போய் அதே தேய்ந்த பிரஷ்ஷால் பல் துலக்குகிறாரே, அவர்தான். விளக்கு ஃபியூஸ் போனால், உலகத்தில் எத்தனை வகை விளக்குகள் இருக்கின்றன என்று இருட்டில் உட்கார்ந்து படிப்பார். எதிலும் சேர மாட்டார். சேராததால் எதிலும் தோற்கவும் மாட்டார். அபிப்பிராயம் மட்டும் எப்போதும் அடுப்பில் இருக்கும், சுடச்சுட.

நாம் பார்க்கப்போகிற ஆளுக்கு ஆபீஸில் தராசு என்று பெயர். மெத்தைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவு. அங்கே ஓர் இயந்திரம் உண்டு. மனித இடுப்பு அகலத்துக்கு ஓர் இரும்பு உருளை. அதை ஒரே மெத்தை மேல் ஆயிரக்கணக்கான தடவை போட்டுப் போட்டு எடுக்கும். மெத்தை எத்தனையாவது தடவையில் துவண்டு போனது என்று தராசு குறித்துக்கொள்வார். பதினொரு வருடமாக இதே வேலை என்பதால் விழுவதைப் பற்றி அவருக்குத் தெரியாத சங்கதி கிடையாது. எல்லாம் மெத்தையின் பக்கத்திலிருந்து.

பிறந்த ஊரை விட்டு வந்து, இரண்டு பெட்டியோடு இறங்கி, இந்த ஊரில் குடித்தனம் போட்டவர். இரண்டு மொழியில் படித்தவர். அதனால் இரண்டு மொழியில் கவலைப்படுவார். ஒன்றில் ஆரம்பித்து, சந்தேகம் வந்தால் இன்னொன்றில் சரிபார்ப்பார்.

மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். மூக்கின் மேல் அந்தக் கனத்த சட்டத்தை மாட்டிவிட்டு, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுவா, அதுவா? எதுல எழுத்து தெளிவா தெரியுது?" என்று நாள் முழுக்கக் கேட்கிற வேலை. அப்படிப்பட்டவளுக்கு இப்படிப்பட்டவர் வாய்த்தார். விதிக்கும் கொஞ்சம் கிண்டல் உண்டு.

இரண்டு வருடம் முன்பு ஒரு சாயங்காலம், பஸ் நிறுத்தத்தில் ஒருவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிப் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். பையில் இருந்தது கண்ணாடி துடைக்கிற துணி நாற்பதும் காலி டிபன் பாக்ஸும். திருடன் இன்றைக்கும் எங்கேயாவது எதையாவது பளபளவென்று துடைத்துக்கொண்டிருப்பான். ஆனால் மணிக்கட்டில் நாலு விரல் தடம் ஒரு வாரம் இருந்தது. அதைப் பார்த்துத் தராசு சபதம் போட்டார்.

"நாம ரெண்டு பேரும் தற்காப்புக் கலை கத்துக்கணும். ஒரு வாரம் டைம் குடு. எந்தப் பள்ளி நல்லதுன்னு பாத்துடறேன். சேந்துடலாம்."

எந்த வாரம் என்று அவர் சொல்லவில்லை. அதைக் கவனியுங்கள்.

ஊரில் பள்ளிகள் எத்தனையோ. ஆனால் தராசு பிடித்தது நிஞ்ஜுட்சுவை. ஜப்பானில் ஒரு காலத்தில் ஒற்றர்கள் பழகியதாகச் சொல்லப்படுகிற கலை. அதிலிருந்து கிளைத்தோம் என்று சொல்லிக்கொள்ளும் பள்ளிகள் அந்த ஊரில் மூன்று. மூன்றும் ஒரே மரத்தின் கிளைகள், மூன்றும் மற்ற இரண்டையும் மரமே இல்லை என்று சொல்லும். ஒப்பிடுகிறவனுக்கு இதைவிட வேறென்ன விருந்து வேண்டும்?

முதலாவது, சலவைக் கடை மாடி. ஆசிரியர் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர். இங்கே எல்லாம் ஜோடிப் பயிற்சி: ஒருவர் இன்ன கையால் இன்ன இடத்தில் அடிக்க வேண்டும், மற்றவர் இன்னபடி விலகி இன்னபடி சாய்க்க வேண்டும் என்று பழைய முறைப்படி வகுத்து வைத்த அசைவுகள். போட்டி கிடையாது, புள்ளி கிடையாது. அடியை அவர் அரை வேகத்தில்தான் போடச் சொல்வார். "வேகம் தப்ப மறைச்சுடும். மெதுவா செய்யுங்க, உடம்பு எங்க பொய் சொல்லுதுன்னு தெரியும்," என்பார். கீழே சலவை இயந்திரங்கள் சுற்றுகிற அதிர்வு தரையில் வந்துகொண்டே இருக்கும். மாணவர்கள் அதை உள்ளுணர்வு என்று நினைத்துக்கொள்வதும் உண்டு.

இரண்டாவது, டயர் கடைக்குப் பின்னால் கிடங்கு. ஆசிரியர் முன்பு பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். மனிதகுலத்தின் மேல் அவருக்கிருந்த சந்தேகம் ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. பழைய அசைவுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, சம்பவங்களை நடத்திக் காட்டிப் பழக்குகிற இடம். பழைய கார் ஒன்றை உள்ளே நிறுத்தி, திண்டு திண்டாகக் கவசம் கட்டிய ஓர் ஆளை அதன் பின்னால் ஒளித்து வைத்து, நீங்கள் சாவியைத் தேடுகிற நேரத்தில் அவரை உங்கள் மேல் பாய விடுவார்கள். "தெருவுல ரூல் கிடையாது!" என்று ஆசிரியர் கத்துவார். கத்திவிட்டு, செருப்பை வரிசையாக வைக்காதவர்களை வெளியே அனுப்பிவிடுவார்.

மூன்றாவது, உடற்பயிற்சிக் கூடத்தின் பின்னறை. ஆசிரியை பிசியோதெரபிஸ்ட். காலையில் முட்டியைச் சரிசெய்வார், மாலையில் அதற்கு ஆள் தயார் செய்வார். நிஞ்ஜா அசைவுகளோடு மல்யுத்தம், குத்துச்சண்டை எல்லாம் கலந்து, கையுறை மாட்டி நிஜமாகவே மோதவிடுகிற முறை. "அடி வாங்கிப் பாக்காதவங்க தற்காப்பு பேசக் கூடாது," என்பது அவர் கொள்கை. சேர்ந்த பத்து பேரில் ஏழு பேர் மறுவாரம் வருவதில்லை. மற்ற மூன்று பேர் யாரோடு மோதினாலும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். அதைப் பார்த்தாலே பயமாக இருக்கும்.

தராசு மூன்றுக்கும் போனார். சுவரோரமாக, செருப்பு வரிசைக்குப் பக்கத்தில், முழங்காலில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். உடை மாற்றிக்கொள்ளச் சொன்னால், "இன்னிக்கு சும்மா பாக்க வந்தேன்," என்பார். இன்றைக்கு என்கிற சொல்லை அவர் அளவுக்கு நீட்டியவர்கள் இல்லை. வீட்டுக்கு வந்து கணினியில் ஓர் அட்டவணை போட்டார். மாடியில் நளினம் இருக்கிறது, எதிர்ப்பு இல்லை. கிடங்கில் எதிர்ப்பு இருக்கிறது, அடிப்படை இல்லை. பின்னறையில் இரண்டும் இருக்கிறது, ஆனால் பல் இருக்காது. இப்படி மூன்று வரியில் முடிந்திருக்க வேண்டியது, பக்கவாட்டில் அறுபத்து நாலு பத்தியாக விரிந்தது. குருபரம்பரை, தரைவிரிப்பின் தடிமன், ஒரு மணி நேரத்தில் ஆசிரியர் பேசுகிற நிமிடங்கள், கூட்டாளி விழுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம், விழுந்தவர் எழும்போது முகத்தில் தெரிகிற திருப்தி. திருப்திக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் வேறு.

பிறகு இணையத்தில் இதற்கென்றே இருக்கிற விவாத அரங்கம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அங்கே அவருக்குப் புனைபெயர் நிழல் நாற்பத்தேழு. எந்தக் கண்டத்திலோ உட்கார்ந்திருக்கிற இன்னொரு நிழலோடு, எந்தப் பள்ளியின் பட்டயம் அசல், எந்த ஆசிரியர் எவரிடமிருந்து எந்த வருடம் பிரிந்தார் என்று ஆறு மாதம் சண்டை போட்டார். இரண்டே வருடத்தில் நாலாயிரம் பதிவுகள். ஒரு சொட்டு வியர்வை கிடையாது. புதிதாகச் சேர நினைக்கிற அப்பாவிகள் வந்து, "ஐயா, நான் எந்தப் பள்ளிக்குப் போகலாம்?" என்று கேட்டால், நிழல் நாற்பத்தேழு பன்னிரண்டு பத்திகளில் பதில் போடுவார். படித்து முடித்த அப்பாவி நீச்சல் வகுப்பில் சேர்ந்துவிடுவார்.

மனைவியின் தம்பி ஊரிலிருந்து ஞாயிறுதோறும் கூப்பிடுவான்.

"என்ன மாமா, நிஞ்ஜா ஆயிட்டீங்களா?"

"அவசரப்படக் கூடாது மச்சான். எல்லாத்துலயும் ஒரு பிளஸ், ஒரு மைனஸ் இருக்கு."

"ஆயிட்டீங்கன்னுதான் நினைக்கிறேன். எந்தப் பள்ளியிலயும் கண்ணுக்கே தெரிய மாட்டேங்கிறீங்களே!"

மனைவி ஒன்றரை வருடம் பொறுத்தாள். அவளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பொறுமை அது. ஒருநாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"எங்க கடைக்கும் உங்கள மாதிரி ஆளுங்க வருவாங்க தெரியுமா? இதுவா அதுவான்னு கேட்டா, இன்னொரு தடவ காட்டுங்கம்பாங்க. திரும்பவும் காட்டுனா, முன்னாடி போட்டத காட்டுங்கம்பாங்க."

"நியாயம்தானே? கண்ணு விஷயம்."

"அவங்களுக்கு நான் என்ன பண்ணுவேன்னா, ஒரே வில்லைய ரெண்டு தடவ போட்டுக் காட்டுவேன். ஆங், ரெண்டாவதுதான் தெளிவுன்னு சந்தோஷமா எழுந்து போவாங்க."

"அது ஏமாத்து!"

"இல்லீங்க. அதுக்குப் பேரு வரிசை. பின்னாடி பதினாலு பேரு நிக்கிறாங்க." மடித்த துணியை அடுக்கினாள். "சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மூணுல எது வீட்டுக்குப் பக்கம்?"

"பக்கம், தூரம் எல்லாம் ஒரு அளவுகோலா? அந்தப் பத்தியே நான் போடல."

மறுநாள் அவள் சலவைக்குப் போட்ட போர்வையை வாங்கப் போனவள், போர்வையோடு மாடி ஏறி, பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். அறுபத்து நாலு பத்திகளையும் தாண்டி, ஒரு போர்வை முடிவெடுத்துவிட்டது. தராசுக்கு அது தாங்கவில்லை. சேர்ந்ததுகூடப் பரவாயில்லை, அவளுக்குப் பிடித்துப்போனதுதான் தாங்கவில்லை. வாரம் இரண்டு நாள் போய், முழங்கையில் சிராய்ப்போடும் முகத்தில் ஒரு தினுசான அமைதியோடும் வந்தாள். கூடத்தில் உருண்டு காட்டினாள். சோபாவுக்கும் மேசைக்கும் நடுவில், சத்தமே இல்லாமல், தோளிலிருந்து இடுப்புக்கு ஒரு பந்து மாதிரி. எழுந்து நின்று சிரித்தாள்.

"முப்பது டிகிரி கோணல்," என்றார் தராசு.

இந்த இனத்துக்கு வயிற்றெரிச்சல் வந்தால் என்ன செய்யும்? கடிதம் எழுதும். தராசும் எழுதினார். மாடிப் பள்ளிக்கு, ஏழு பக்கம், கீழே 'ஒரு நலம்விரும்பி'. தங்கள் பள்ளியில் யாரும் தூக்கி எறியப்படுவதில்லை. எல்லாரும் மரியாதைக்காக விழுகிறார்கள். கூட்டாளி ஒத்துழைக்கிற வரையில் எந்தக் கலையும் வெற்றிதான். தரவுகளின் அடிப்படையில் பார்த்தால், பழகாத ஒருவர் முழு பலத்தோடு பிடித்தால் தங்கள் மாணவர்கள் என்ன ஆவார்கள்?

நல்ல கேள்விதான். அதில்தான் வினை.

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, மனைவி வகுப்பு முடிந்து வந்து, வியர்த்த சீருடையைக் கதவில் மாட்டிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"எங்க சாருக்கு யாரோ லெட்டர் போட்டிருக்காங்க. ஏழு பக்கம்."

"ஓகோ." தராசு காபியை ஊதினார். அது ஆறிப்போய் அரை மணி ஆகியிருந்தது.

"நாங்கல்லாம் மரியாதைக்கு விழறோமாம்."

"கரெக்டாத்தானே கேட்டிருக்கான்?" வாய் நிற்கவில்லை. "யாரா இருந்தாலும் விவரமான ஆளு."

"சாரும் அதத்தான் சொன்னாரு. எல்லாரையும் உக்கார வெச்சுப் படிச்சுக் காட்டுனாரு. பியானோல ஒரு கட்டை மட்டும் சுருதி தப்பினா, வாசிக்கிறவனுக்குப் பழகிப்போயிடும், வெளியிலருந்து வர்றவனுக்குத்தான் கேக்கும், அந்த மாதிரி இந்த லெட்டர்னாரு."

தராசுக்கு உள்ளே ஏதோ குளிர்ந்தது. இரண்டு வருடத்தில் முதல் அங்கீகாரம்.

"அதனால புது ரூல். முதல் பெல்ட் டெஸ்டுல, கூடப் பழகுனவங்கள விழவெச்சா செல்லாது. ஒவ்வொருத்தரும் வீட்டுலருந்து ஒரு ஆள கூட்டிட்டு வரணும். கலையே தெரியாத ஆளு. அவரு நம்ம மணிக்கட்டப் புடிப்பாரு. முழு பலத்தோட. விட்டுக்குடுக்கக் கூடாது. நாங்க உதறிட்டு அவர விழவைக்கணும்."

குளிர்ந்தது உறைந்தது.

"நல்ல... நல்ல ஏற்பாடுதான்."

"சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு. நீங்க வர்றீங்க."

"நான் எப்படி? கலை தெரியாத ஆளுன்னு சொல்லியிருக்கே. எனக்கு ரெண்டு வருஷ ஆராய்ச்சி..."

"ஒரு நாளாவது உருண்டிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப தகுதி இருக்கு."

"வேற யாராவது? உங்க கடை மேனேஜரு? நல்ல பலசாலி."

அவள் உட்கார்ந்தாள். குரல் இறங்கியது. "வீட்டு ஆளுன்னுதானே ரூலு. ஊரா இருந்தா தம்பிய இழுத்துட்டுப் போவேன். இங்க வீட்டு ஆளுன்னா எனக்கு நீங்க ஒருத்தர்தான். வரலேன்னா டெஸ்ட் கிடையாது. அடுத்தது ஆறு மாசம் கழிச்சு." எழுந்து போகிறவள் கதவருகில் நின்றாள். "அந்த லெட்டர்ல 'தரவுகளின் அடிப்படையில்'னு ஒம்போது தடவ வருதாம். ஒரு பொண்ணு எண்ணிச் சொன்னா. நான் ஒண்ணும் சொல்லல."

இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? சனிக்கிழமை போய்க் கையைப் பிடித்து, விழுந்து, எழுந்து வருவீர்கள். ஐந்து நிமிட வேலை. தராசு உடனே புதிய அட்டவணை திறந்தார். தலைப்பு: விழுதல்.

புதன்கிழமை கிடங்குக்குப் போனார். சுவரோரம் உட்கார்ந்தார். டிக்கெட் பரிசோதகர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"வாங்க சார். ஏழாவது தடவையா பாக்க வர்றீங்க. எங்க கூரை எங்கெங்க ஒழுகும்னு எங்களவிட உங்களுக்குத்தான் நல்லா தெரியும்."

"விழறதுல உங்க முறை என்னன்னு..."

"எங்க முறையா? பின்னாலருந்து தள்ளுவோம். எந்திரிங்க, காட்டறேன்."

"இன்னிக்கு சும்மா பாக்க வந்தேன்."

வியாழக்கிழமை பின்னறை. பிசியோதெரபிஸ்ட் ஒரு மாணவரின் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே, தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"என்ன சார் சந்தேகம்?"

"மாடியில தோள் மேல உருண்டு விழறாங்க. கிடங்குல கைய விரிச்சு தரையில அறைஞ்சு விழறாங்க. நீங்க உக்காந்த மாதிரி சரிஞ்சு விழறீங்க. மூணுல எது பாதுகாப்பு?"

"மூணுக்கும் முதல் படி ஒண்ணுதான் சார்."

தராசு பேனாவைத் திறந்தார். "சொல்லுங்க."

"முதல்ல எந்திரிச்சு நிக்கணும். நீங்க ரெண்டு வருஷமா உக்காந்தே இருக்கீங்க. உக்காந்திருக்கிறவன எப்படி விழவைக்கிறது?"

அதையும் எழுதிக்கொண்டார். அடிக்கோடு வேறு போட்டார்.

வெள்ளிக்கிழமை மெத்தைத் தொழிற்சாலையில் ஃபோர்மன் வந்து பார்த்தபோது, தராசு மூன்று விதமான நுரைத்தகடுகளைத் தன் இடுப்பளவுக்கு வெட்டி, இயந்திரத்தின் இரும்பு உருளையை அவற்றின் மேல் மாறி மாறிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சார், புது மாடலா?"

"விழறதுக்கு."

"விழறது நீங்களா, மெத்தையா?"

"நான்தான்."

ஃபோர்மன் தகட்டை அமுக்கிப் பார்த்தார். "எதுக்கு சார் இவ்ளோ பாடு? யாரு உங்களத் தள்ளுறது?"

"என் மனைவி."

ஃபோர்மன் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணமானவர்.

கேலி செய்தாயிற்று. இனி தராசு யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இணையத்தில் நாலாயிரம் பதிவில் ஒன்றில்கூட இது இல்லை.

அன்றைக்குப் பஸ் நிறுத்தத்தில் அவரும் இருந்தார். அவள் பக்கத்தில், இரண்டடி தூரத்தில், கையில் பஸ் அட்டையோடு. அந்த ஆள் அவள் மணிக்கட்டைப் பிடித்ததைப் பார்த்தார். உடனே மூளை வேலையை ஆரம்பித்தது. கத்தலாமா? பாய்ந்து பிடிக்கலாமா? அவனிடம் கத்தி இருக்குமா? கத்தினால் யாராவது வருவார்களா, எந்த மொழியில் கத்துவது? நாலு நொடி. நாலு நொடியும் தராசின் இரண்டு தட்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன. ஐந்தாவது நொடியில் பையும் இல்லை, ஆளும் இல்லை. அவள் திரும்பி இவரைப் பார்த்தாள். கோபமில்லை. எங்கே நிற்கிறார் என்று பார்த்த பார்வை. பிறகு, "பஸ் வந்துடுச்சு, ஏறுங்க," என்றாள். இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவள் கேட்டிருந்தால் அறுபத்து நாலு பத்தி தேவைப்பட்டிருக்காது.

சனிக்கிழமை அந்த மணிக்கட்டைத்தான் பிடிக்க வேண்டும். முழு பலத்தோடு.

வெள்ளி சாயங்காலம் அவள் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது இவர் மெல்ல ஆரம்பித்தார்.

"நான் ரொம்ப அழுத்திப் புடிச்சா வலிக்குமே?"

"வலிக்கணும். அப்பதான் டெஸ்ட்."

"மெதுவா புடிச்சா?"

"புடிச்ச மாதிரி நடிச்சா சாருக்குத் தெரிஞ்சுடும். எனக்கும் தெரிஞ்சுடும்." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "பயப்படாதீங்க. விழறப்போ உங்க தலைக்கடியில என் கை இருக்கும். அத மட்டும் முந்நூறு தடவ பழகியிருக்கேன்."

"நான் வந்து..."

"நீங்க வந்தாப் போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

சனிக்கிழமை அவள் எட்டரைக்கே கிளம்பிப் போய்விட்டாள். தராசு ஒன்பதேகாலுக்கு வண்டியைக் கொண்டுவந்து சலவைக் கடைக்கு எதிரே நிறுத்தினார். வந்துவிட்டார், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. இந்த இனத்தில் வாசல்வரை வருவதே அபூர்வம். மூன்று நுரைத்தகடுகளில் எது சிறந்தது என்று கடைசிவரை முடிவாகாததால் மூன்றையும் கட்டிக்கொண்டு, அதன் மேல் சட்டை போட்டு, நடுப் பொத்தான்கள் இரண்டு மூடாமல், சீட் பெல்ட்டுக்கு அடியில் ஒரு சோபா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஒன்பது இருபத்தைந்துக்கு இறங்கியிருக்கலாம். ஆனால் முன்படியா, பின்படியா என்று ஒரு கேள்வி இருந்தது. முன்படி செங்குத்து, பின்படியில் சலவைக்காரர்கள் கூடை வைத்திருப்பார்கள். ஒன்பது நாற்பதுக்கு மடிக்கணினியைத் திறந்து, 'போவது' என்று ஒரு பத்தியும் 'போகாமலிருப்பது' என்று ஒரு பத்தியும் போட்டார். போகாமலிருப்பதன் கீழே பதினேழு வரி நிரம்பியது. போவதன் கீழே ஒரே ஒரு வரி: 'அவள் தனியாக நிற்பாள்.' அதை இந்தப் பக்கத்தில் எழுதுவதா அந்தப் பக்கத்தில் எழுதுவதா என்று அடுத்த பத்து நிமிடம்.

பத்தாக இரண்டு நிமிடம். மாடி ஜன்னலில் ஓர் உருவம். இஸ்திரி போட்ட சீருடை, இடுப்பில் வெள்ளைப் பெல்ட். ஒரு கையைக் காதில் வைத்திருக்கிறது. மற்றக் கை, அதன் மணிக்கட்டை மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறது.

பக்கத்து இருக்கையில் போன் அதிர ஆரம்பித்தது. திரையில் 'மனைவி'.

தராசு கண்ணை மூடிக்கொண்டார். வருகிற அடி முதுகுத்தண்டில் துல்லியமாகத் தெரிந்தது. எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வேகம், எங்கே இறங்கும் எல்லாம் தெரிந்தது. உச்சப் பரீட்சையில் பாதியைத் தாண்டிவிட்டார் என்றே சொல்ல வேண்டும். இனி உருள வேண்டியதுதான் பாக்கி.

எந்தப் பக்கம்?

போனில் இரண்டாவது மணி. மூன்றாவது மணி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். நாமெல்லாம் இப்படியா? நாம் அந்த யோகா வகுப்பில் சேராததற்குக் காரணம் வேறு. அந்த டாக்டரைப் போய்ப் பார்க்காததற்குக் காரணம், இன்னொரு டாக்டரையும் விசாரித்துவிடலாம் என்பது. ஊருக்குப் போவது தள்ளிப்போகிறதென்றால், எந்த மாதம் வசதி என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். இதையெல்லாம் அந்த ஆளோடு ஒப்பிடுவது எப்படிச் சரியாகும் என்று இந்நேரம் ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

கொஞ்சம் இருங்கள். உங்கள் மேசை மேலும் ஏதோ அதிர்கிற மாதிரி இருக்கிறதே. திரையைத் திருப்பிப் பார்த்தீர்கள், யாரென்று தெரிந்தது, இதைப் படித்து முடித்துவிட்டுக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று கவிழ்த்து வைத்தீர்கள். அவர்களும் ஏதோ ஒரு ஜன்னலில் நின்றுகொண்டிருக்கலாம்.

ஐந்தாவது மணி. தராசின் கை இருக்கையை நோக்கி நகர்ந்திருக்கிறது. நுரைத்தகடு இடிக்கிறது. சீட் பெல்ட்டை முதலில் கழற்றுவதா, போனை முதலில் எடுப்பதா?

ஆறாவது மணி.